குளிசை முடிந்து மூன்று கிழமை, எரிவு மட்டும் முடியவில்லை

கேள்வி:

என் உம்மாவுக்கு வயது 57. பத்து வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் மெட்ஃபோமினும் கிளிக்லசைட்டும் தருகிறார்கள். ஒன்றரை மாதத்துக்கு முன்பு சலக்கடுப்பு வந்தது. பாமசியில் சொல்லி சிப்ரோஃப்ளொக்சசின் 500 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, ஐந்து நாளைக்கு வாங்கிக் கொடுத்தோம். குறைந்த மாதிரி இருந்து பத்து நாளில் திரும்பவும் வந்துவிட்டது. அதே குளிசையை இன்னும் ஏழு நாளைக்கு வாங்கினோம். அதில் மூன்றாம் நாள் இரவு, இரண்டு உள்ளங்காலும் மிளகாய்த்தூள் பூசின மாதிரி எரியுது என்றா. அடுத்த நாள் கைவிரல் நுனியிலும் எறும்பு ஊருது என்றா. கோர்ஸை இடையில் விடக்கூடாது என்று எல்லோரும் சொன்னதால் ஏழு நாளும் முடித்தோம். இடையில் ஒரு நாள் சாமம் இரண்டு மணிக்கு வியர்த்து நடுங்கி எழும்பினா. சீனி போட்ட தேத்தண்ணி குடித்ததும் சரியாகிவிட்டது. பயத்தில் வந்தது என்று விட்டுவிட்டோம். இப்போது சலக்கடுப்பு இல்லை. எரிவு மட்டும் நிற்கவில்லை. குதிக்காலுக்கு மேலேயும் நோகுது, தொழும்போது சுஜூதிலிருந்து எழும்பக் கஷ்டப்படுறா. சீனியால் வந்த நரம்பு வருத்தம், இனி இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். குளிசையால் வந்திருக்குமா? மாறுமா? நரம்புக்கென்று விட்டமின் குளிசை வாங்கி, நாளுக்கு மூன்று கொடுத்து வருகிறோம்.

ஒரு மகள், சம்மாந்துறை

பதில்:

அன்புள்ள மகளுக்கு, நீங்கள் நாள்கணக்கைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பாதி விடை அந்த நாள்கணக்கில்தான் இருக்கிறது.

குளிசையால் வந்திருக்க நல்ல இடமுண்டு. சிப்ரோஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின், நோர்ஃப்ளொக்சசின், ஒஃப்ளொக்சசின், மொக்சிஃப்ளொக்சசின் எல்லாம் ஒரே குடும்பம். பெயரின் வாலைப் பார்த்தாலே தெரியும். கை கால் நரம்புகளைத் தாக்கக்கூடிய மருந்துகள் இவை. குளிசை தொடங்கிச் சில நாட்களிலேயே அது வரலாம், குளிசையை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கலாம், சிலருக்கு முழுதாக மாறாமலும் போகலாம் என்று 2013இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கையை இறுக்கியது. 2016இல் இன்னும் ஒரு படி போய், வேறு மருந்து இருக்கும்போது சாதாரணச் சலக்கடுப்புக்கு இந்தக் குடும்பத்தைக் கொடுக்க வேண்டாம் என்றது. ஐரோப்பிய நாடுகள் 2019இலும் பிரித்தானியா 2024இலும் அதே வழியில் கட்டுப்பாடு கொண்டுவந்தன. உங்கள் உம்மாவுக்கு வந்ததும் சலக்கடுப்புத்தான். இந்த மருந்துகள் உயிர்காக்கும் இடங்கள் உண்டு. மருந்தையே பொல்லாதது என்று ஒதுக்கச் சொல்லவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றும் இல்லாமல், சீனி வருத்தமுள்ள ஒருவருக்கு, ஒரு மாதத்துக்குள் இரண்டு தடவையாக 24 குளிசை, அதாவது 12 கிராம் போனதுதான் பிழை.

சீனியால் வந்தது என்று சொல்பவர்களையும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. பத்து வருடச் சீனி நரம்பை ஓரளவு தொட்டிருக்கக்கூடும். ஆனால் அது வருகிற விதம் வேறு. சீனியால் வரும் விறைப்பு கால்பெருவிரலில் மெல்லத் தொடங்கும். கணுக்காலுக்கு ஏற மாதங்களோ வருடங்களோ எடுக்கும். வழக்கமாகக் காலில் முழங்கால் மட்டத்துக்கு வந்த பிறகுதான் கைவிரலைத் தொடும். உடம்பில் மிக நீளமான நரம்புகள் முதலில் கெடுவதே காரணம். உங்கள் உம்மாவுக்கோ மூன்றாம் நாள் காலில், நான்காம் நாள் கையில். அதற்கு முதல் நாள் வரை ஒன்றும் இல்லை. இந்த வேகம் சீனியின் வேகம் அல்ல. ஏற்கெனவே சீனி அரித்து வைத்திருந்த நரம்பில் குளிசை இறங்கியது என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். அப்படி எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. ‘இனி இப்படித்தான்’ என்று கைவிட்டு உட்காரவும் இடமில்லை.

ஏன் நரம்பு? கிருமியின் மரபணுச் சுருளைப் பிரித்துச் சுற்றும் நொதியை அடக்கித்தான் இந்த மருந்து கிருமியைக் கொல்கிறது. நம் கலங்களுக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணிகளிலும் அதே சாயலில் ஒரு நொதி உண்டு. அதையும் இந்த மருந்து தடுமாற வைக்கிறது என்று ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டுகின்றன. முள்ளந்தண்டிலிருந்து பாதம் வரை ஒரு மீற்றருக்குக் கிட்ட நீண்டிருக்கும் நரம்பிழைக்குச் சக்தி குறைந்தால், முனைதான் முதலில் காயும். நீளமான வாய்க்காலில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் எட்டாமல் போகிற கதைதான். சம்மாந்துறையில் இதை விளக்க வேண்டியதில்லை.

இனி ‘கோர்ஸை இடையில் விடக்கூடாது’ என்ற பேச்சு. வருத்தம் குறைந்துவிட்டது என்று தன்பாட்டில் நிறுத்துபவர்களுக்காகச் சொல்லப்பட்ட புத்திமதி அது. பக்கவிளைவு தொடங்கிய ஒருவருக்குச் சொல்லப்பட்டது அல்ல. எரிவு, விறைப்பு, ஊசி குத்துவது, தசைநார் நோவு, குழப்பம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த குளிசையைப் போடாமல் வைத்தியரிடம் போக வேண்டும். அவர் வேறு அன்டிபயோட்டிக்குக்கு மாற்றுவார். மூன்றாம் நாள் நிறுத்தியிருந்தால் எட்டுக் குளிசையாவது மிஞ்சியிருக்கும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருக்கும் துண்டுப்பிரசுரம் பாமசியிலேயே நின்றுவிட, வெட்டிய மட்டை மட்டும் கடதாசி உறையில் வீட்டுக்கு வருகிற ஊரில் யாருக்கும் தெரிய வழியில்லை.

அடுத்து, நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய சாமம் இரண்டு மணிச் சங்கதி. அது பயம் இல்லை. இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது என்றே எண்ணுகிறேன். வியர்வை, நடுக்கம், இனிப்பு உள்ளே போனதும் சரியாவது, மூன்றும் அதன் அடையாளம். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோடு சிப்ரோ சேரும்போது சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். காய்ச்சலும் கடுப்புமாக இராச்சோறு சரியாகச் சாப்பிடாமல் படுத்திருந்தால் இன்னும் மோசம். உங்கள் கடிதத்திலேயே உயிருக்கு ஆபத்தாகப் போயிருக்கக்கூடியது இந்த இரவுதான், கால் எரிவு அல்ல. இனி அப்படி வந்தால், மீற்றர் இருந்தால் குத்திப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால், அல்லது மீற்றரே இல்லை என்றால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு பாணோ பிஸ்கட்டோ சோறோ கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்தில் மறுபடி இறங்கும். நினைவு தடுமாறி விழுங்க முடியாதவருக்கு வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது. 1990க்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். குளிசை இப்போது இல்லாவிட்டாலும், அந்த இரவு நடந்ததைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். கிளிக்லசைட்டின் அளவைப் பார்க்க வேண்டியிருக்கலாம்.

குதிக்காலுக்கு மேலுள்ள நோவும் இதே குடும்பத்தின் கைவரிசையாக இருக்கலாம். கெண்டைக்கால் தசையைக் குதிக்காலோடு கட்டியிருக்கும் தடித்த தசைநாரை இந்த மருந்துகள் வீங்கவைக்கும். சிலருக்கு அது அறுந்தே போகும். முதல் இரண்டு நாளிலும் வரலாம், மருந்து முடிந்து மாதங்கள் கழித்தும் வரலாம். 60 வயதைத் தாண்டியவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், மூச்சு வருத்தத்துக்குப் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூட. ஆகவே வைத்தியர் பார்க்கும் வரை உம்மா வேகமாக நடப்பதையும் படியேறுவதையும் குறைக்கட்டும். தொழுகையைக் கதிரையில் இருந்து தொழட்டும். சுஜூதிலிருந்து எழும்பும்போது உடம்பின் பாரம் அந்த நார்மீதும் விழுகிறது. எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், முறிவு வைத்தியரிடம் இழுத்து நெட்டி எடுக்கவும் வேண்டாம். நோவுக்கு ஊசி போடுகிறோம் என்றால் என்ன ஊசி என்று கேளுங்கள்: அந்த நாருக்குள் ஸ்டீரொயிட் ஊசி ஏற்றுவது அறுவதற்கு வழி. ‘டப்’ என்று சத்தம் கேட்டு, யாரோ பின்னால் உதைத்த மாதிரி இருந்து, நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் அது அறுந்ததற்கான குறி, அன்றே வைத்தியசாலை.

விட்டமின் குளிசைக்கு வருகிறேன். இதைப் படித்ததும் மட்டையைத் திருப்பிப் பாருங்கள். நரம்புக்கென்று விற்கும் கூட்டுக் குளிசைகளில் பி1, பி6, பி12 மூன்றும் இருக்கும். சிலவற்றில் ஒரு குளிசையிலேயே பி6 100 அல்லது 200 மில்லிகிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையோ 2 மில்லிகிராமுக்கும் குறைவு. நாளுக்கு மூன்று போட்டால் 300, 600 என்று போகிறது. இந்த அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் பி6தானே நரம்பைக் கெடுக்கும், அதுவும் இதே எரிவும் விறைப்புமாக. நரம்புக்கென்று வாங்கியது நரம்பை அடிக்கும். இன்றே நிறுத்துங்கள், நிறுத்துவதால் ஒரு கேடும் வராது. தேவைப்படக்கூடியது பி12 ஒன்றுதான், அதுவும் பரிசோதித்துப் பார்த்த பிறகு. மெட்ஃபோமினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்குக் குடல் பி12ஐ உறிஞ்சுவது குறைந்துவிடும். பத்து வருடம் எடுத்தவருக்கு அது குறைந்திருக்க நிறைய இடமுண்டு. பி12 குறைவே தனியாகவும் கால் விறைப்பைத் தரும். அது ஊசியிலோ குளிசையிலோ சரிசெய்யக்கூடியது என்பதால் அதைத் தவறவிடக்கூடாது. விட்டமின் போட்டுவிட்டு இரத்தம் எடுத்தால் பி12 அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். எத்தனை நாள், எத்தனை குளிசை போட்டீர்கள் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பரிசோதனைகளில் எவற்றைக் கேட்பது? பி12, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரி), வெறும்வயிற்றுச் சீனி, சிறுநீரகத்துக்குக் கிரியட்டினின், தைரொயிட்டுக்கு ரிஎஸ்எச், முழு இரத்தக் கணக்கு. இவை எல்லாம் ஒரே நாள் இரத்தத்தில் முடிகிற காரியம். காலில் வைத்தியர் செய்ய வேண்டியது இன்னும் எளிது: வளைந்தால் சரியாக 10 கிராம் அழுத்தம் கொடுக்கும் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு, உம்மாவைக் கண்ணை மூடச் சொல்லித் தெரிகிறதா என்று கேட்பது, அதிரும் இசைக்கவையைக் கால்பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பது, குதிக்கால் நாரில் தட்டி அனிச்சை பார்ப்பது. நார் நோகிற காலில் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ நரம்பியல் நிபுணரிடமோ கடிதம் தருவார்கள். நரம்பில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்கும் பரிசோதனை செய்து, ‘எல்லாம் சரி’ என்று முடிவு வந்தால் மனம் உடைய வேண்டாம். அது தடித்த நரம்பிழைகளை மட்டுமே அளக்கும். எரிவையும் சூட்டையும் கொண்டுபோகிற மெல்லிய இழைகள் அதில் தெரியாது. அறிக்கை சரியாக இருப்பதாலேயே உம்மா பொய் சொல்கிறா என்று ஆகிவிடாது.

ஒரு விஷயத்தை இந்தப் பக்கத்து ஆள் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். விறைப்பு என்று யார் வந்தாலும் தோலையும் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் தொழுநோய் இன்னும் புதிதாகக் கண்டறியப்பட்டுவருகிறது. நிறம் மங்கிய ஒரு படை, அந்த இடத்தில் தொட்டால் தெரியாமை, முழங்கைக்குப் பின்னாலோ முழங்காலுக்குப் பக்கத்திலோ நரம்பு கயிறுபோல் தடித்திருப்பது ஆகியவை அதன் குறிகள். உங்கள் உம்மாவுக்கு வந்த விதம் அதுபோல் இல்லை. ஆனாலும் ஒரு தடவை முதுகு, கை, கால் முழுக்கப் பார்த்துவிடுங்கள். இருந்தால் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ இலவச மருந்தில் குணமாகிற வருத்தம் அது. வெட்கப்பட்டு மறைப்பதில்தான் விரல் போகிறது.

மாறுமா என்பதற்கு நேர்மையான பதில்: பலருக்குக் குறைகிறது, ஆனால் மெதுவாக, சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சிவிடுகிறது. மருந்து உடம்பை விட்டு ஒன்றிரண்டு நாளில் போய்விட்டது. இளநீர் குடித்தோ பேதி எடுத்தோ ‘கழுவ’ அங்கே ஒன்றும் மிச்சமில்லை. சீனிக்காரருக்கு இளநீர் வேறு சீனியைக் கூட்டும். மிஞ்சியிருப்பது காயம்பட்ட நரம்பு. இழை திரும்ப வளர்ந்தால் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். கணுக்காலிலிருந்து விரல் நுனி வரை 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அதுவே ஆறேழு மாதம். அதற்குள் கிழமைக்குக் கிழமை மாற்றம் தேடினால் ஏமாற்றம்தான் வரும். மாதத்துக்கு ஒரு தடவை, எரிவு எதுவரை ஏறியிருக்கிறது என்று காலில் பேனையால் கோடு போட்டு, குதிக்காலிலிருந்து அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஏறினால் தெரியும், இறங்கினாலும் தெரியும். திரும்ப வளர்கிற நரம்புக்குச் சீனி கட்டுப்பாடே பசளை. எச்பிஏ1சி கூடியிருந்தால் வளர்ச்சி மந்தம். அதே நேரம், பயத்தில் சாப்பாட்டைத் திடீரென வெட்டிச் சீனியை ஒரே மாதத்தில் அடித்து விழுத்தவும் வேண்டாம். எச்பிஏ1சி வேகமாக இறங்கும்போது அதுவே புதிய நரம்பு எரிவைக் கிளப்புவது உண்டு.

எரிவுக்கு பனடோல் பெரிதாக வேலை செய்யாது. இது தசை நோவு அல்ல. டைக்குளோஃபினக் போன்ற நோவுக் குளிசைகள் நரம்பெரிவைத் தணிக்காமல் சிறுநீரகத்தை மட்டும் சோதிக்கும். நித்திரை குழம்புகிற அளவுக்கு எரிவு இருந்தால் வைத்தியர் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமை இரவில் தொடங்கலாம், அல்லது கபபென்ரின், பிரிகபலின், டுலொக்செட்டின் ஆகியவற்றில் ஒன்றைத் தரலாம். அமிட்ரிப்டிலின் மனவருத்தக் குளிசை என்று பாமசியில் யாராவது சொன்னால் திடுக்கிட வேண்டாம். இந்தச் சிறிய அளவு நரம்புக்குத்தான். வாய் காயும், காலையில் தூக்கம் அடிக்கும், ஆகவே படுக்கப் போவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு எடுப்பது நல்லது. கண்ணில் அழுத்த வருத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைபடுவது இருந்தால் முதலே சொல்ல வேண்டும். கபபென்ரினும் பிரிகபலினும் சிறுநீரகம் வழியே போவதால் கிரியட்டினின் பார்த்துத்தான் அளவு. எதுவுமே ஓரிரு நாளில் தெரியாது. இரண்டு மூன்று கிழமை பொறுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த குளிசையை எடுத்துப் போட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

காலைப் பராமரிப்பது மருந்தை விடக் குறைந்த வேலை அல்ல. எரிகிற கால் என்றாலும் சூடு, வெட்டு அதற்குச் சரியாகத் தெரியாது, இதுதான் சிக்கல். சுடுதண்ணீர் ஒத்தடம் கூடாது, தெரியாமலே தோல் வெந்துவிடும். எரிவு கூடும்போது சாதாரணக் குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைக்கலாம்; ஐஸ் வேண்டாம். குளிக்கிற தண்ணீரின் சூட்டை வேறு ஒருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில் கடற்கரை மணலிலும் தார் ரோட்டிலும் வெறுங்காலோடு நடப்பதை விட வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு. வுழூச் செய்த பிறகு விரலிடுக்குகளை ஒவ்வொரு தடவையும் துணியால் ஒற்றிக் காயவையுங்கள். நாளைக்கு ஐந்து தடவை நனைந்து ஈரமாகவே கிடக்கிற இடுக்கில் சேற்றுப்புண் வந்து, அதன் வெடிப்பால்தான் கிருமி நுழைகிறது. இரவில் ஒரு தடவை நிலத்தில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை மங்கல் என்றால் நீங்களே பாருங்கள்.

அடுத்த சலக்கடுப்பு வரலாம். சீனி உள்ளவருக்கு அந்த வாய்ப்பு கூட. அன்றைக்கு என்ன செய்வது என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும். முதல் குளிசைக்கு முன்பு சிறுநீர்க் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அது எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் பரிசோதனை. ஆய்வுகூடத்தில் கிருமி நீக்கிய போத்தலை வாங்கி, கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு குளிசையாவது போட்டுவிட்டால் கிருமி வளராமல் போய் அறிக்கை பயனற்றுப் போகலாம். முதல் கோர்ஸ் பத்து நாளில் தோற்றதற்கு இரண்டு காரணங்களை நினைக்கிறேன். ஒன்று, சிப்ரோவுக்கு அடங்காத சிறுநீர்க் கிருமிகள் இலங்கையில் கணிசமாக இருக்கின்றன. மற்றது, கல்சியம் அல்லது இரும்புக் குளிசை, அசிடிட்டிக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணி, பால், தயிர் இவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து அவற்றோடு ஒட்டிக்கொண்டு இரத்தத்துக்குள் முழுதாகப் போகாது. இவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்போ ஆறு மணித்தியாலம் பின்போ எடுக்க வேண்டிய மருந்து அது. கிருமி சாகாமல், அதே மருந்தைத் திரும்ப வாங்கியதில்தான் உம்மாவின் நரம்பு மாட்டியிருக்கிறது. எப்படிப் போனாலும், அதே மருந்து தோற்ற இடத்தில் அதையே இன்னொரு தடவை கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது, படித்தவர்களும் விழுகிற குழி. சிப்ரோ வேண்டாம் என்றால் சலக்கடுப்புக்கு வழக்கமாகக் கை போவது நைட்ரோஃபியூரன்ரொயினுக்கு. நல்ல மருந்து, ஆனால் அதுவும் நரம்பைத் தாக்கக்கூடியது. சிறுநீரகம் பலவீனமானவர், சீனி உள்ளவர், பி12 குறைந்தவர் ஆகியோருக்கு அந்த ஆபத்து கூட. ஏற்கெனவே நரம்பு புண்பட்ட உங்கள் உம்மாவுக்கு அது பொருந்தாது. கல்ச்சர் அறிக்கையில் எது அடங்குகிறது என்று பார்த்து செஃபலெக்சின், செஃபியூரொக்சிம், கோ-அமொக்சிக்கிளாவ் போன்றவற்றில் ஒன்றை வைத்தியர் தெரிவுசெய்யலாம். அவை நரம்பு விறைப்புக்குப் பெயர்போனவை அல்ல. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முதலில் சொல்ல வேண்டும்.

வேறு சில அன்டிபயோட்டிக்குகளும் இந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் அங்கே கணக்கு வேறு. வயிற்றோட்டத்துக்குத் தரும் மெட்ரொனிடசோல் நரம்பைக் கெடுப்பது பெரும்பாலும் மொத்தம் 42 கிராமுக்கு மேல் போனால். 400 மில்லிகிராம் நாளுக்கு மூன்று, ஏழு நாள் என்றால் 8.4 கிராம்தான், அந்த அளவுக்குப் பயம் தேவையில்லை. நெஞ்சு மருந்து, அதாவது காசநோய் மருந்துகளில் ஐசோனியசிட் உடம்பின் பி6ஐக் குறைத்து விறைப்பைத் தரும். அதனால்தான் கூடவே நாளுக்கு 10 முதல் 25 மில்லிகிராம் பி6 தருகிறார்கள். பி6 தேவைப்படுகிற இடம் அது, அளவும் அவ்வளவுதான். லினெசொலிட் நான்கு கிழமையைத் தாண்டினால் கண் நரம்பையும் தாக்கலாம். இவற்றை வைத்தியர் கண்காணித்துத் தருவார். தானாக நிறுத்துவது, முக்கியமாகக் காசநோய் மருந்தை, கூடாது.

உடனே ஓட வேண்டிய குறிகளும் உண்டு. விறைப்போடு பலவீனம் சேர்ந்து, காலிலிருந்து நாளுக்கு நாள் மேலே ஏறி, எழும்பி நடக்க முடியாமல் போவது. மூச்சு விடவோ விழுங்கவோ கஷ்டப்படுவது. இமை தொங்குவது, இரட்டையாகத் தெரிவது. ஒரு பக்கக் கை கால் மட்டும் விழுவது. சலம் மலம் போவது கட்டுப்பாட்டை விட்டுப் போவது. இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளை எதிர்பார்க்காமல் வெளிநோயாளர் பிரிவையும் தாண்டி நேரே அவசர சிகிச்சைப் பிரிவு.

இப்போதைக்கு உம்மாவை அடுத்த கிளினிக் திகதி வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே சம்மாந்துறை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, சிப்ரோவின் வெறும் மட்டை இன்னும் குப்பைக்குப் போகாமல் இருந்தால் அது, விட்டமின் மட்டை, கல்சியம், மூச்சு மருந்து என்று வீட்டில் உள்ள எல்லாக் குளிசையும். தியோஃபிலின் போன்ற மூச்சு மருந்து எடுப்பவராக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்; சிப்ரோ அதை இரத்தத்தில் கூட்டிப் படபடப்பையும் வலிப்பையும்கூடத் தரும். நாள்கணக்கை எனக்கு எழுதியது போலவே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வைத்தியர் ‘ஒவ்வாமை ஏதும் உண்டா’ என்று கேட்டால் இல்லை என்று முடித்துவிடாதீர்கள். உடம்பு தடிப்பது மட்டுமே ஒவ்வாமை என்று நாம் நினைப்பதால் இந்தப் பக்கவிளைவு ஒரு கொப்பியிலும் ஏறாமல் போய்விடுகிறது. கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் மருந்தின் பெயர், எத்தனையாம் நாள் என்ன வந்தது, இந்தக் குடும்பம் முழுவதையும் தவிர்க்க வேண்டும் என்ற மூன்றையும் அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குப் பக்கவிளைவு அறிக்கை அனுப்பும்படியும் கேட்கலாம். அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து, வாப்பாவின் ஃபோனிலும் உங்கள் ஃபோனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பாமசியில் நிற்கப்போவது உம்மாவாக இருக்காது, உங்களில் ஒருவராகத்தான் இருக்கும்.